கதவு முனகுவது ஏன்?

பழைய மோட்டார் வண்டியொன்றின் கதவு முனகத் தொடங்கினால், அதன் உடைமையாளர் முதலில் தேடுவது எண்ணெய்ப் போத்தலை. பிணைச்சலில் நான்கு துளி எண்ணெய் விழுகிறது, முனகல் அடங்குகிறது, உடைமையாளரின் மனமும் அடங்குகிறது. இரண்டு வாரங்களில் முனகல் மீண்டும் எழும். மறுபடியும் எண்ணெய். இவ்வாறு ஆண்டுக்கணக்காக எண்ணெய் வார்த்தே கதவை ஊமையாக்கி வைத்திருப்பவர்கள் பலர். ஒரு நாள் அக்கதவு பூட்டிற் பொருந்தாமல் தொங்கிவிடும்போது, "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று அவர்கள் வியப்படைவார்கள்.

சத்தத்தை அடக்குவதும் தேய்வைத் தீர்ப்பதும் வெவ்வேறு காரியங்கள். இந்த வேறுபாடு மிக எளியதாகத் தோன்றலாம். ஆயினும் அதை நான் கற்றுக்கொண்டது நூல்களிலிருந்து அன்று; யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றின் எண்ணெய் படிந்த மண் தரையில், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பழைய வண்டிகளைத் திருத்திவரும் தொழிலாளி ஒருவரிடமிருந்து. அவரை நான் அண்ணை என்று அழைப்பேன். அவர் என்னை மாஸ்ரர் என்பார். ஆசிரியத் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்றபின்பும் அந்த அழைப்பு மாறவில்லை. ஆனால் அந்தக் கராஜினுள் மாஸ்ரர் யார், மாணவன் யார் என்பதில் எங்கள் இருவருக்குமே ஐயம் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருகின்றவர்கள், எங்கள் தெருக்களில் மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40உம், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இன்றும் ஓடக் கண்டு நின்று படம் பிடிப்பதுண்டு. பழமையின் மீது எமக்குள்ள பற்றினை அவர்கள் புகழ்ந்து பேசுவார்கள். புகழ்ச்சி நல்லதுதான், ஆனால் காரணம் அதுவன்று. இவ்வண்டிகளை வாழவைத்தது பற்றல்ல, பற்றாக்குறை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதும் நாட்டில் மோட்டார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970களின் முற்பகுதியில் அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1977இன் பின்னர் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டு யப்பானிய வண்டிகள் நாட்டில் நிறைந்தன. ஆனால் 1983இன் பின் வடக்கைப் போர் சூழ்ந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. புதியதை வாங்க வழியற்ற ஒரு சமூகம் பழையதைத் திருத்தக் கற்றுக்கொண்டது. அந்தக் கல்வியின் சின்னங்களே இவ்வண்டிகள்.

வண்டிகள் கைமாறிய வரலாறும் கவனிக்கத் தக்கது. ஐம்பதுகளில் இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் வைத்தியர்களும் பிறக்கிராசிமாரும் வர்த்தகர்களுமாவர். பதினைந்து ஆண்டுகள் கழிய, கடன் எடுத்த ஆசிரியர்களிடமும் எழுதுவினைஞர்களிடமும் அவை வந்து சேர்ந்தன. அதன் பின்னர் வாடகை வண்டிகளாகிச் சந்திகளில் நின்றன. எசமான் மாற மாற வண்டிக்கு வயதும் ஏறியது. திருத்தும் செலவும் ஏறியது. செலவழிக்கும் வலுவோ குறைந்துகொண்டே வந்தது. அந்த இடைவெளியைத் தம் உழைப்பினால் நிரப்பியவர்கள் கராஜ் தொழிலாளர்கள்.

எங்கள் வீட்டில் நிற்பது மொறிஸ் மைனர்; இரண்டு கதவுகள் உள்ள வகை. இவ்வினம் 1948இல் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்டை அடுத்த கௌலி ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. இதனை உருவமைத்த அலெக் இசிகோனிஸ், இன்று துருக்கியிலுள்ள இஸ்மீர் நகரில் 1906இல் பிறந்தவர். கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில், 1922இல், குடும்பத்துடன் அந்நகரைவிட்டு இடம்பெயர்ந்து பின்னர் இங்கிலாந்து சேர்ந்தவர். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றியதும் அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தார் அவர். அந்த நான்கு அங்குலமே இன்றும் இவ்வண்டியின் பொனற்றின் நடுவில் தட்டையான பட்டியாகத் தெரிகிறது. "பிழையெண்டு கண்டால் வெட்டிப் பாக்கத் துணிவு வேணும்" என்று இதைக் கேட்டபோது அண்ணை சொன்னார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை மெச்சும் குரல் அது.

1971இல் உற்பத்தி நிற்பதற்குள் 16 இலட்சம் அளவிலான மைனர்கள் செய்யப்பட்டன. ஆலையின் அதிபர் வில்லியம் மொறிஸ், துவிச்சக்கர வண்டி திருத்துபவராகத் தொடங்கி நஃபீல்ட் பிரபுவாக உயர்ந்தவர். அவருடைய உயர்வு பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதே கௌலியில், மோட்டார் உடல்களைத் தகட்டிலிருந்து அழுத்தி எடுத்த பிறெஸ்ற் ஸ்ரீல் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 1934இல் வேலைநிறுத்தம் செய்து, தமது தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றதும் வரலாறுதான். அவர்களுட் பலர் தென் வேல்ஸிலும் பிற பகுதிகளிலும் வேலையிழந்து, பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்தவர்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டுவோர் சிலரே.

கதவைச் சுற்றி ஓடும் றப்பர்ப் பட்டிக்கும் ஒரு கதை உண்டு. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட றப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகிய மரங்களே பின்னர் களுத்துறையிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் தோட்டங்களாயின. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் கத்தி வைத்துப் பால் வடித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். பாலாகவும் தாளாகவும் கப்பலேறியது றப்பர். ரயராகவும் கதவுப் பட்டியாகவும் பல மடங்கு விலையுடன் திரும்பி வந்தது. ஆகவே ஒரு கதவைத் திருத்தும்போது நம் கையிற் படுவது தகடும் றப்பரும் மட்டுமல்ல. நாம் முகமறியாத பலருடைய உழைப்பும் அதில் இருக்கிறது.

நிற்க. கதவு ஏன் தளர்கிறது?

மைனரின் கதவு முன்பக்கத் தூணில் இரண்டு பிணைச்சல்களிலே தொங்குகிறது. பிணைச்சலின் நடுவே ஓர் உருக்கு ஆணி. கதவு திறக்கும்போதும் மூடும்போதும் அதன் பாரம் முழுவதும் அந்த ஆணிகளின் மேல் உராய்கிறது. கிறீஸ் காய்ந்து, புழுதி புகுந்துவிட்டால், அப்புழுதி அரத்தூளைப் போல் ஆணியையும் துளையையும் தின்னத் தொடங்கும். அந்த உராய்வே முனகல். நாளடைவில் வட்டமாயிருந்த துளை நீள்வட்டமாகிறது. பிணைச்சலில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால், மூன்றடிக்கு அப்பாலுள்ள பூட்டுப் பக்கத்தில் அது இரண்டு மூன்று மில்லிமீற்றர்ச் சரிவாகப் பெருகும். பூட்டின் நாக்கு, எதிர்த்தூணிலுள்ள தகட்டிற் பொருந்தாமல் கீழே மோதும். கதவைத் தூக்கிச் சாத்தவேண்டி வரும். பின்னர் அடித்துச் சாத்தவேண்டி வரும். அடிக்க அடிக்கப் பூட்டும் தேயும். இரண்டு கதவு வண்டிகளில் இத்துன்பம் அதிகம். கதவு அகலமானது, பாரமானது. பின்னிருக்கையிலிருந்து இறங்குவோர் கதவையே ஊன்றுகோலாகப் பிடித்துத் தொங்கி எழும்புவார்கள்.

இவற்றையெல்லாம் அண்ணை எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. அவரை நான் முதன்முதலில் சந்தித்த நாளில் அப்படிச் சொல்வதற்கு அவகாசமும் இருக்கவில்லை.

1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்ட பொருள்கள். சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி வண்டி ஓட்டிய காலம் அது. எங்கள் வண்டியின் இடப்பக்கக் கதவு அந்நாளில் ஏற்கெனவே சரிந்திருந்தது. திருத்துவதற்கு ஆணி இல்லை. ஆணி கடைவதற்கு லேத் இயந்திரம் இயங்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. செம்மணி வெளியில் நின்ற சனத்திரளிடையே ஓரடிக்கு ஓரடியாக வண்டி நகர்ந்தது. முன்னிருக்கையில், கதவோரமாக, என் தாயார். கதவு பூட்டில் நிற்க மறுத்தது. கண்ணாடியைக் கீழிறக்கி, தும்புக் கயிற்றினாற் கதவை இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு வரிந்து கட்டியிருந்தோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் கதவு ஓர் அங்குலம் திறந்து மூடும். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்த மூதாட்டி, ஒரு கையால் என் மகளை அணைத்தபடி மறு கையால் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்வரை அந்தக் கையை அவர் தளர்த்தவில்லை. கைதடியில் வெளிச்சம் வந்தபின் பார்த்தேன். உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ், அண்ணை தமது ஆயுதப் பெட்டியோடு இருந்தார். வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைச் சைக்கிளிற் கட்டிக் கொண்டுவந்தவர் அவர். கயிற்றை அவிழ்த்து, கதவைக் கால்வாசி திறந்து, அதன் கோடியை இரு கைகளாலும் மெல்லத் தூக்கினார். பாரம் கையில் ஏறுமுன் கதவு சிறிது தூரம் சும்மா எழுந்தது. "பூட்டு நல்லாத்தான் இருக்கு, மாஸ்ரர். கதவுதான் பூட்டுக்கு எட்டாமல் கீழ விழுந்து கிடக்கு" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் இரண்டு நாள் உடனிருந்து பார்த்தேன். பிணைச்சலைக் கழற்றினார். நீள்வட்டமாகிப் போன துளையைக் கைத்துளை கருவியினாற் சுற்றிவர ஒரே அளவாக அகட்டினார். கைவிடப்பட்ட எஞ்சினொன்றின் வால்வுத் தண்டை வெட்டியெடுத்து, அத்துளைக்கு இசைய அரத்தினால் ராவினார். ராவுவார், துளையில் விட்டுப் பார்ப்பார், கழற்றி மறுபடி ராவுவார். அளவுகோல் அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலுமே. மூன்றாம் நாட் காலையில் கதவு ஒரு விரலால் தள்ள மூடியது. கூலி என்னவென்று கேட்டேன். காசைக் காட்டிலும் அரிதாயிருந்த ஒன்றைத்தான் கேட்டார்: அரைப் போத்தல் மண்ணெண்ணெய். பிள்ளை இராத்திரியிற் படிக்க விளக்கில்லை என்றார்.

அந்த ஆணி இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றது.

2024இல் அதே கதவு மீண்டும் முனகியது. சாத்தும்போது அடிப்பக்கம் உரசியது. நான் ஆணியைத்தான் நினைத்தேன். அண்ணை கதவைத் தொடவேயில்லை. இரு கதவுகளையும் அகலத் திறந்து வைத்து, "ஏறி இருங்கோ மாஸ்ரர்" என்றார். நான் இருந்தேன். கதவு நிலையின் அகலத்தை ஓர் ஈர்க்கினால் அளந்தார். இறங்கச் சொன்னார், மறுபடி அளந்தார். ஈர்க்குச் சொன்ன செய்தி இதுதான்: ஆள் ஏறும்போது நிலையின் மேற்பகுதி ஒடுங்குகிறது. அஃதாவது வண்டியின் நடுப்பகுதியே தாழ்கிறது.

இதனைச் சற்று விளக்கவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றுக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மைனருக்கு அப்படியன்று. தகடுகளை மடித்து ஒட்டிய உடலே அதன் சட்டம். கதவுகளின் கீழே, முன் தூணையும் பின் தூணையும் இணைத்து ஓடும் பெட்டி வடிவான வாசற்படியே அதன் முக்கியமான பலம். மழைநீர் உள்ளிறங்கி, வடியும் துவாரங்கள் மண்ணால் அடைபட்டால், எங்கள் உப்புக் காற்றும் சேர்ந்து அந்தப் பெட்டியை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே வர்ணம் பளபளத்துக் கொண்டிருக்கும். அண்ணை திருப்புளியின் முனையை வாசற்படியின் அடியில் வைத்து அழுத்தினார். அது கருப்பட்டியிற் புகுவதைப் போலப் புகுந்தது.

கதவு தாழவில்லை, தூண்கள் சாய்ந்துவிட்டன. ஆணி நன்றாகவே இருந்தது.

திருத்த வேலை ஆறு வாரம் எடுத்தது. முதலில் கதவு நிலையின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, உடல் மேலும் வளையாதபடி நிறுத்தினார். பின்னர் ஜக்கினாற் சிறிது சிறிதாக உயர்த்தி, கதவைத் தொங்கவிட்டு, இடைவெளி மேலும் கீழும் ஒத்து வரும்வரை பார்த்தார். அழுகிய தகட்டை முழுவதும் ஒரேயடியாக வெட்டாமல், பகுதி பகுதியாக வெட்டிப் புதிய தகட்டைப் பொருத்தினார். ஒவ்வொரு பற்றுக்கும் பின் கதவைச் சாத்திப் பார்த்தார். சூட்டினால் தகடு இழுபட்டால் கதவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்றார். ஈற்றில் ஒரு கடதாசித் துண்டை றப்பர்ப் பட்டிக்கும் நிலைக்கும் இடையில் வைத்துக் கதவை மூடி, துண்டை இழுத்தார். சுற்றிவர எல்லா இடத்திலும் அது ஒரே அழுத்தத்தோடு பிடிபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே மழை நுழையும், இறுகிக் கிழிந்தால் அங்கே கதவு திமிறும். கடைசியாக, ஈர்க்கை எடுத்துக் கதவின் அடியிலுள்ள வடிகால் துவாரங்களைக் குத்தித் துப்புரவாக்கினார். "மாதத்தில ஒருக்கா இதைச் செய்தால் காணும். ஒரு சதம் செலவில்லை" என்றார்.

அண்ணை தொழில் பழகியது கொழும்பில், ஒரு சிங்கள பாஸின் கீழ். 1970இல் பதினாறு வயதுப் பையனாகப் போனவர், 1983 யூலைவரை அங்கிருந்தார். அந்த யூலையில் இரண்டு இரவுகள் அவரைக் கராஜின் பின்னறையில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தம் மடியில் முடிந்துகொண்டு வாசலிற் காவலிருந்தவர் அந்த பாஸ். கடதாசித் துண்டுச் சோதனையும் அவர் சொல்லிக் கொடுத்ததே. பின்னாளில், 1990களில், தெற்கிலே மைனரின் உடற்பகுதிகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய பட்டறையொன்று இயங்கியதை நான் அண்ணையிடம் கூறியபோது அவர் வியப்படையவில்லை. "ஏன் செய்யேலாது? கை இருக்குது, கண் இருக்குது" என்றார். கௌலியில் அழுத்தப்பட்ட கதவுக்கு இந்த நாட்டில் தெற்கிலும் வடக்கிலும் வாரிசுகள் உண்டு. ஒரே முறையிற் கதவைத் தூக்கிப் பார்ப்பவர்கள் இரு மொழிகளிலும் இருக்கிறார்கள்.

எங்கள் வண்டியின் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் பக்கத்துக் கொட்டிலில் வேறொரு மைனர் வந்து நின்றது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு தரகர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. திருமண ஊர்வலங்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுவதும் ஒரு தொழிலாகியிருந்தது. தரகரின் வண்டிக்கும் எங்கள் வண்டிக்கு இருந்த அதே நோய், இன்னும் முற்றிய நிலையில். அவர் கேட்டது வாசற்படியை மாற்றுவதை அன்று. கீழ்ப் பிணைச்சலின் பின்னால் இரண்டு தகடு செருகிக் கதவை உயர்த்திவிடவேண்டும். அரித்த இடத்தைப் பூச்சினால் அடைத்து மேலே வர்ணம் அடிக்கவேண்டும். வாங்க வருபவர் கதவைச் சாத்திப் பார்ப்பார். அது அழகாகச் சாத்தவேண்டும். அவ்வளவுதான்.

கீழ்ப் பிணைச்சலுக்குப் பின்னால் தகடு செருகுவது பிழையான முறையன்று. உடல் உறுதியாக இருக்கும் வண்டியில், கதவின் கோடியைச் சிறிது நிமிர்த்துவதற்கு அதுவே முறை. அண்ணையும் பலமுறை செய்திருக்கிறார். ஆனால் உடல் அழுகிய வண்டியில் அதே தகடு நோயை மறைக்கும் திரையாகிறது. கதவு மூடும், இடைவெளி ஒத்திருக்கும், பக்கவாட்டில் ஒரு மோதல் நேர்ந்தாலோ, வாங்கியவர் தம் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அந்த உடலைத் தாங்குவதற்கு வாசற்படி இராது.

"கதவை நிமித்தலாம் தம்பி. அரை நாள் வேலை. பிறகு அதுக்குள்ள ஏறப்போறது ஆர்?" என்று அண்ணை கேட்டார்.

"அது வாங்கிறவன்ர பாடு, அண்ணை. நீங்கள் கதவை மட்டும் பாருங்கோ."

"நான் கதவை மட்டும் பாக்கப் பழகேல்லை."

தரகர் கூலியை இரட்டிப்பாக்கினார். அந்த மாதம் கராஜில் எங்கள் வண்டியைத் தவிர வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். உதவிக்கு நின்ற பையனுக்கு அண்ணை வாராவாரம் கூலி கொடுக்கவேண்டியிருந்ததும் தெரியும். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு எங்கள் வண்டியின் அடியிற் படுத்துக்கொண்டார். தரகர் வண்டியை எடுத்துச் சென்றார். மூன்று கிழமை கழித்து ஒரு கலியாண மண்டபத்தின் முன்னால், பூமாலை சாத்தி, முகம் தெரியும்படி மினுக்கிய அந்த மைனரைக் கண்டேன். மணமகள் இறங்கியதும் யாரோ கதவைச் சாத்தினார்கள். முனகலே இல்லை. நேர்த்தியாக மூடியது.

வேறொருவர் அந்த அரைநாள் வேலையைச் செய்திருக்கிறார். அவரை நான் எளிதிற் குறைசொல்ல மாட்டேன். அவருக்கும் ஓர் அடுப்பு எரியவேண்டும். ஆறு வாரம் எடுத்துச் செய்யும் உண்மையான வேலைக்குப் பணம் கொடுக்க மறுத்து, அரை நாளிற் செய்யும் மறைப்பு வேலைக்கு இரட்டிப்புக் கொடுக்கும் சந்தையைத்தான் நாம் கேள்வி கேட்கவேண்டும். குறோமியப் பூச்சுக்கும் வர்ணத்துக்கும் இலட்சக்கணக்கிற் செலவிடத் தயங்காதவர்கள், வாசற்படியின் உள்ளே பற்றவைத்தவனின் நாட்கூலியில் பேரம் பேசுகிறார்கள். கண்ணிற் படும் இடத்துக்கு விலை. தாங்கும் இடத்துக்குப் பேரம்! இந்தக் கணக்கு மோட்டார்த் தொழிலில் மட்டுமா இருக்கிறது?

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கூற விரும்புகிறேன். "படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போகவேண்டி வரும்" என்ற வசனத்தை நம் பாடசாலைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதே பாடசாலையில், அதே மாணவனுக்கு, நெம்புகோலின் தத்துவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம். பிணைச்சலிற் தேய்ந்த ஒரு மில்லிமீற்றர் பூட்டுப் பக்கத்தில் மூன்றாகப் பெருகுவது அந்தத் தத்துவமேயாகும். அண்ணை அதை வாய்பாடாகச் சொல்லமாட்டார். கதவின் கோடியைத் தூக்கிக் காட்டுவார். அடையாளம் எங்கே தோன்றுகிறது, காரணம் எங்கே இருக்கிறது என்று பிரித்தறிவதுதான் விஞ்ஞானத்தின் முதற் பாடமானால், அந்தக் கராஜ் ஒரு விஞ்ஞான சாலை. ஆனால் அங்கே பெற்ற அறிவுக்கு நாம் அறிவு என்று பெயரிடுவதில்லை. கைப்பழக்கம் என்று சொல்லி நகர்ந்து விடுகிறோம்.

இந்த அலட்சியத்தின் விலை சிறிதன்று. அண்ணையிடம் பழகிய இருவர் இன்று வளைகுடா நாடுகளில். போனவர்களை அவர் ஒருநாளும் நொந்து பேசியதில்லை. இங்கே கிடைக்கும் கூலி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கண் மங்குகிறது. அருகிலுள்ள பொருளைப் பார்க்க, கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறார். அவர் விரல்களில் உள்ள அளவுகோல் எந்த நூலிலும் இல்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய வண்டிகள் வரும்; வரட்டும். பழைய வண்டிகளுக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. பொருள் தேய்வதும் ஒழிவதும் இயல்பு. ஆனால் தடையிலும் இடப்பெயர்விலும் ஒரு சமூகத்தின் சக்கரங்களை ஓடவைத்த அறிவு, கேட்பாரின்றி அவர்களோடு ஒழிந்துபோவது இயல்பன்று. அது நாம் இழைக்கும் அநியாயம்.

அதனால் இப்போது வாரத்தில் இரு நாட்கள், மாலை வேளையில், ஓர் அப்பியாசக் கொப்பியோடு அந்தக் கராஜுக்குப் போகிறேன். உறுப்புகளின் பெயர்கள், அவர் பயன்படுத்தும் சொற்கள், அவற்றுட் சிங்களத்திலிருந்து வந்தவை எவை, ஆங்கிலத்திலிருந்து வந்தவை எவை, ஆணி கடையும் முறை, வாசற்படி வெட்டும் ஒழுங்கு என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். படங்களை வரைவது உதவிக்கு நிற்கும் பையன். சாதாரண தரப் பரீட்சையோடு பாடசாலையை விட்டவன் அவன். அவன் வரைந்த பிணைச்சலின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், அவனுக்கு வரைதல் வராது என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். கொப்பியில் நாற்பது பக்கம் நிறைந்திருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு கராஜ் இருக்கும். ஒரு கொல்லுலை, ஒரு வள்ளம் கட்டும் துறை, ஒரு தறிக் கொட்டில் இருக்கும். மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு மாலை அங்கே போகலாம். கொப்பி ஒன்றின் விலை அதிகமன்று.

அங்கே ஏதேனும் முனகினால், அண்ணை சொல்லும் ஒழுங்கையே நாமும் கைக்கொள்வோம்: முதலில் தூக்கிப் பார், பிறகு அடியில் குத்திப் பார், எண்ணெய்ப் போத்தல் கடைசியில்.